அசைகிற கட்டங்கள்

வீடுகளுக்குப் போய்க் கம்ப்யூட்டர் மாட்டித் தருவது என் தொழில், பயப்படுவது உபதொழில். அதனால்தான் அந்தப் பழைய வீட்டுக்கு நல்ல மதிய வெயிலில் போனேன்.

ஓய்வுபெற்ற தபால்காரர், தனி ஆள். கடல் கடந்து போன மகளின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டுமாம். மானிட்டர் தலைமேல் உருண்டைக் கேமராவை உட்கார வைத்தேன். டெலிபோன் வயரைப் பிடுங்கி மோடத்தில் செருகினேன். அது கத்தி ஓய்ந்ததும், கறுப்பு வெள்ளையில், துண்டு துண்டாக மகள் வந்தாள். திரையின் ஓரத்தில் எங்களையும் அதே கட்டங்களில் காட்டும் சின்னச் சன்னல்.

"என்ன தம்பி, பிள்ளை முகம் கட்டம் கட்டமா இருக்கு?"

"லைன் மெதுவு சார். அசையற இடத்தை மட்டும்தான் அனுப்பும். சுவரு, நாற்காலியெல்லாம் அப்படியே நிக்கும். என்னை மாதிரியே சோம்பேறி."

இங்கே பேசியது அங்கே போய்ச் சேர வெகுநேரம் ஆனது.

"புது வீடு ஒரே குளிர்ப்பா," கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல அவள் குரல். "ஹீட்டர் போட்டும் போகல."

அவளுக்குப் பின்னால் ஒரு காலி நாற்காலி.

அதில் கட்டங்கள் மாறிக்கொண்டே இருந்தன.

நாற்காலி ஓய்ந்தது. பக்கத்துச் சுவர் மாறியது. பிறகு, அவள் தோளருகே.

"அவ கூட யாரு?" என்றார், கிசுகிசுப்பாக.

"யாருமில்லையே சார்," என்றேன். சொல்லும்போதே உறைத்தது: ஆளில்லாமலே அங்கே ஏதோ அசைகிறது.

"எழுந்து வெளிய ஓடும்மா!" என்று கத்தினேன். அவளோ என் சோம்பேறி ஜோக்குக்கு இப்போதுதான் சிரித்துக்கொண்டிருந்தாள். போன் பண்ணலாமென்றால் இருப்பது ஒரே லைன். படத்தை அறுத்தால்தான் அங்கே மணி அடிக்கும்.

பெரியவர் மானிட்டர் முன்னால் இருந்த மைக்கை இரு கைகளாலும் பிடித்து வாயருகே கொண்டுபோனார்.

"யாரா இருந்தாலும் சரி. சின்னப் பொண்ணு, விட்டுடுங்க. இங்க வாங்க. நானும் தனியாத்தான் இருக்கேன்."

அந்த வார்த்தை போய்ச் சேரும்வரை காத்திருந்தோம்.

கட்டங்கள் நின்றன.

வயரை டெலிபோனுக்கு மாற்றி, அவர் சொன்ன எண்ணை அழுத்தினேன். அவர் ரிசீவரைப் பிடிக்க, நானும் காதை ஒட்டிக் கேட்டேன்.

"என்னப்பா, யாரை வாங்க வாங்கன்னு கூப்பிட்டீங்க? அது இருக்கட்டும், இங்க குளிர் சட்டுனு விட்டுப்போச்சுப்பா!"

அவர் அழுதுகொண்டே சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன், அந்த மதிய வெயிலிலும் குளிரில் பல் தந்தியடித்தது.

சின்னச் சன்னல் இன்னும் திறந்திருந்தது. அதில் அவர், நான், பின்னால் அவருடைய கட்டில்.

கட்டிலில் கட்டங்கள் மாறத் தொடங்கின.

பிறகு, அவர் தோளருகே.