ஆமணக்குப் புதர்

பார்க் கேட்டருகே எப்போதும் படுத்துக்கிடக்கும் செவலை நாய் அன்று சாயங்காலம் வாலை ஆட்டவில்லை. இடுப்பில் கைக்குழந்தையும் கையில் பால் பாக்கெட்டுமாக வந்த வனஜா, வழக்கம்போல ஒரு பிஸ்கட்டை அதன் முன்னால் போட்டாள். பிஸ்கட் மூக்கின் மேலேயே விழுந்தது. மூக்கு அசையவில்லை. வாயோரம் நுரை காய்ந்திருந்தது, அதில் எறும்பு மொய்த்திருந்தது. அந்த வாரத்தில் இது மூன்றாவது நாய்.

ஈஜிபுராவில் அந்த இடத்தைப் பார்க் என்று சொல்வதற்கே பெரிய மனசு வேண்டும். மாநகராட்சி போர்டு ஒன்று, உடைந்த சறுக்குமரம் ஒன்று, மிச்சமெல்லாம் தானாக முளைத்த காடு. பார்த்தீனியம், ஊமத்தை, உண்ணிச்செடி, எல்லாவற்றுக்கும் மேலே ஆளை மறைக்கிற உயரத்துக்குச் சிவந்த தண்டோடு ஆமணக்கு. மழை விட்டு வெயில் காய்ந்தால் ஆமணக்குக் காய் வெடிக்கும். டப். கொஞ்ச நேரம் கழித்து வேறொரு மூலையில், டப். யாரோ ஒளிந்துகொண்டு சொடுக்குப் போடுவது போல இருக்கும். தெருப்பிள்ளைகளுக்கு விளையாட வேறு இடம் ஏது? வனஜாவின் ஆறு வயது மகள் இளவேனிலும் பள்ளி விட்டால் அங்கேதான் கிடப்பாள்.

அந்தக் காட்டுக்கும் ஒரு காவல்காரன் இருந்தான், கோவிந்தப்பா. வனஜாவுக்கு அவனைக் கண்டாலே ஆகாது. காக்கிச் சட்டை, கையில் எந்நேரமும் கொடுவாள், தோளில் கோணி. பிள்ளைகள் எந்தப் பக்கம் போனாலும் பின்னாலேயே போய் நிற்பான், புதருக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டால் அரக்கப்பரக்க ஓடுவான். நாய் செத்தால் கோணியில் போட்டு இழுத்துப் போய் மூலையில் குழி வெட்டிப் புதைப்பான், மேலே சுண்ணாம்பு தூவுவான். நாய் சாகும் என்று தெரியாதவன் எதற்குச் சுண்ணாம்பு மூட்டையை முன்கூட்டியே வாங்கி வைக்கிறான்? இந்தக் கேள்வி அவள் மனசில் முள் மாதிரி தைத்துக்கொண்டே இருந்தது.

ஒருநாள் அவன் ஆமணக்கை வெட்டிச் சாய்த்துக்கொண்டிருந்தபோது அவளே போய்த் தடுத்தாள். "அத்த ஏம்ப்பா வெட்டற? மருந்துச் செடி அது."

"கொட்டை ரொம்பக் கெட்டதும்மா," என்றான் கோவிந்தப்பா, கன்னடம் கலந்த தமிழில். "மக்களை உள்ள பிடபேடி. பிள்ளைங்கள விடாதீங்க."

வனஜாவுக்குச் சிரிப்பு வந்தது. அவள் பிறந்து வளர்ந்த ஆம்பூரில் மாசத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மூக்கைப் பிடித்து வாயில் விளக்கெண்ணெய் ஊற்றாத வீடு உண்டா? சின்னவன் யுவன் பிறந்து அவளுக்குப் பால் கட்டி நெறி ஏறியபோது இந்த இலையைத்தான் வதக்கி மார்பில் வைத்துக் கட்டினாள். எண்ணெய் மருந்து, இலை மருந்து, கொட்டை மட்டும் விஷமாம். இவன் எதையோ மறைக்கத்தான் செடிமேல் பழி போடுகிறான் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

அடுத்த வாரம் எதிர்வீட்டு ஓஸ்வால்டின் நாய் செத்தது. அவர் ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர், தெருச் சங்கத்துக்குச் செயலாளர், அந்த நாயைச் சொந்தப் பிள்ளையாக வளர்த்தவர். கண்ணெல்லாம் சிவந்து வாசலில் வந்து நின்றார்.

"வனஜா, உண்மையச் சொல்லும்மா. அவன் எதையாவது போட்டதை நீ பாத்தியா?"

அவள் பார்த்தது கோணியைத்தான். "பாத்தேன் அங்கிள்," என்றாள். "கோணியில இருந்து எடுத்துப் போட்டான்." சொன்ன பிறகு அது நிஜமாகவே கண்ணில் பார்த்தது போலத் தோன்றியது.

ஓஸ்வால்ட் வார்டு ஆபீசுக்குப் போனார். இரண்டே நாளில் கோவிந்தப்பாவின் வேலை போயிற்று. போகிற அன்று கோணியைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு அவள் வீட்டு மாடிப்படியின் கீழே வந்து நின்றான். திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் திட்டவில்லை. "நான் டெய்லி வெட்டிகினே இருந்தேம்மா," என்றான். "இனி யார் வெட்டுவாங்க?" வனஜா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

அப்பாடா என்று இருந்தது. இனி பிள்ளையைப் பயமில்லாமல் அனுப்பலாம். பிள்ளைகளும் குஷியாகிவிட்டார்கள், விரட்ட ஆளில்லையே. இளவேனில் பள்ளிப்பையை வீசிவிட்டு ஓடுவாள். தினம் ஒரு கட்டி வெல்லம் கேட்பாள்.

"இன்னாத்துக்குடி வெல்லம்?"

"சொப்பு சமையல்மா. விருந்து வெக்கிறோம். வெல்லம் போட்டாத்தான் சாப்பிடறாங்க."

வீட்டு விருந்தாளிக்கு இன்னொரு கரண்டி வைக்காமல் விடாத குடும்பம் அது. பிள்ளைக்கும் அந்தக் கை வாய்த்திருக்கிறது என்று வனஜாவுக்குப் பெருமை. இரண்டு கட்டியாகவே எடுத்துக் கொடுத்தாள்.

ஆவணி மழை பிடித்துக்கொண்டது. கேட்க ஆளில்லாமல் ஆமணக்கு கம்பி வேலிக்கு வெளியே கையை நீட்டிக்கொண்டு வளர்ந்தது. கோவிந்தப்பா போய்ப் பத்தாம் நாள், சறுக்குமரத்தடியில் ஒரு நாய் செத்துக் கிடந்தது. மறுநாள் சாக்கடையோரம் இரண்டு.

அவன் திரும்ப வருகிறானோ? வஞ்சம் வைத்துக்கொண்டு விடியற்காலையில் வந்து எதையாவது போட்டுவிட்டுப் போகிறானோ? புருஷன் பரத் ஆனேக்கல் பக்கம் கம்பெனியில் இரண்டாவது ஷிப்ட், பதினொரு மணிக்கு மேல்தான் வருவான். அவனிடம் சொன்னதற்கு, "நாய்க்கெல்லாமா துப்பறியற?" என்று கேலி செய்தான். ஆனாலும் அவள் ஜன்னலை விட்டு நகரவில்லை. கீழே போகிற ஒவ்வொரு காக்கிச் சட்டையையும் முகம் தெரிகிறவரைக்கும் பார்த்தாள். பிச்சைக்காரனைப் பார்த்தாள். பழைய பேப்பர்காரனைப் பார்த்தாள். சொந்தப் பிள்ளையிடம், "யாராவது எதாவது குடுத்தா வாங்கித் தின்னாதடி," என்று நாளுக்குப் பத்துத் தரம் சொன்னாள். "நான் யார்கிட்டயும் வாங்கலம்மா," என்றாள் இளவேனில். அது சத்தியமான பேச்சு.

வியாழக்கிழமை ஆறரை மணிக்குக் கரண்ட் போனது. பால் வாங்க மறந்திருந்தாள். யுவன் தூளியில் தூங்கினான், எட்டு மாசம் முடிந்து போன வாரம்தான் அவனுக்கு முதல் சோறு ஊட்டினார்கள். "தம்பியைப் பாத்துக்கோ, இதோ வந்துட்டேன்," என்று இளவேனிலிடம் சொல்லிவிட்டு இறங்கினாள்.

திரும்பி வரும்போதுதான் அது உறைத்தது. தெருவில் சத்தமே இல்லை. பால் பூத்திலிருந்து வீடு வரைக்கும் கூடவே ஓடி வந்து காலை முகரும் கூட்டத்தில் ஒன்றுகூட இல்லை, ஒரு குரைப்பு இல்லை, ஈரச் சுவர்களில் மெழுகுவத்தி வெளிச்சம் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது, மழை நனைத்த தழை வாடையோடு பார்க் பக்கமிருந்து இன்னொரு வாசனையும் காற்றில் வந்தது. இனிப்பு வாசனை. வெல்லம் புளித்த வாசனை.

கேட் திறந்தே கிடந்தது. வனஜா உள்ளே போனாள். பார்த்தீனியம் முழங்காலை உரசியது, மேலே ஆமணக்கு இலைகள் ஒவ்வொன்றும் விரித்த கை அகலத்துக்கு நின்று தேங்கின மழையை அவள் கழுத்தில் சொட்டவிட்டன. புதருக்கு நடுவில் ஒரு சந்து. பிள்ளைகள் குனிந்து போகிற உயரம். அவளும் குனிந்தாள்.

உள்ளே சுத்தமாகப் பெருக்கியிருந்தது. சாணி கூடத் தெளித்திருந்தது.

தரையில் இலைகள். ஆமணக்கு இலைகள், வரிசையாக, பந்தி போட்ட மாதிரி. ஒவ்வொரு இலைக்கு முன்னாலும் மண்ணில் நாய்க்கால் தடம்.

ஓரத்தில் ஒரு கல். அதன்மேல் நைத்த மாவு. அதில் ஒட்டிக்கொண்டு பழுப்புப் புள்ளி போட்ட தோல்கள். பக்கத்தில் வெல்லம் மடித்துக் கொடுத்த காகிதம். அவள் மடித்தது.

சொப்புகள் இருந்தன. திருவிழாவில் அவளே வாங்கிக் கொடுத்த மரச்சொப்பு. அடுப்பு இருந்தது. பானை இருந்தது. கிண்ணம் இல்லை. கரண்டி இல்லை.

அந்த மனுஷன் சொன்னாரே. ஐயோ, சொன்னாரே.

பால் பாக்கெட் எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. கேட். தெரு. மாடிப்படி. கதவு. உள்ளே இருட்டு.

"இளவேனி."

"இங்கதான்மா இருக்கேன்."

"தம்பி எங்கடி?"

"சத்தம் போடாதம்மா. தம்பி சாப்பிடறான்."

தீப்பெட்டி. முதல் குச்சி நமுத்திருந்தது. இரண்டாவது உடைந்தது.

"இப்பல்லாம் நாய்ங்க யாருமே வர்றதில்லம்மா," என்றாள் மகள், குறைபட்டுக்கொள்கிற குரலில். "எல்லாத்தையும் வெச்சிகினு எவ்ளோ நேரம் கூப்பிட்டேன். அதான் தம்பியை உக்கார வெச்சேன்."

மூன்றாவது குச்சி பற்றியது.

தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான் யுவன். முன்னால் ஓர் இலை, கழுவி விரித்த இலை, வழித்து நக்கிச் சுத்தமாக இருந்தது. அம்மாவைப் பார்த்ததும் கையைத் தட்டிச் சிரித்தான். இன்னும் வேண்டும் என்று வாயை ஆவென்று திறந்து காட்டினான். கீழ் ஈறில் புதுசாக முளைத்த இரண்டே இரண்டு பல், அதன் இடுக்கில் பழுப்புப் புள்ளி போட்ட ஒரு துணுக்குத் தோல்.