முத்திரை ஒட்டாத கோரிக்கை

அதே கோரிக்கை மறுபடி திரையில் வந்து நின்றது. இந்தத் தடவையும் அதில் முத்திரை இல்லை.

வருகிற கோரிக்கைகளை உள்ளே விடுவதும் வெட்டுவதும் அவர் வேலை; அலுவலகத்தில் அவரை 'கேட்'காரர் என்பார்கள். ஊரார் போனில் கேட்கும் படத்தையும் பக்கத்தையும் நகல் வைத்துக் கொடுப்பது அந்தக் கம்பெனியின் பிழைப்பு. தன்னிடம் இல்லாததைப் பக்கத்துக் கம்பெனியிடம் கேட்கும். அங்கும் இல்லையென்றால், அது இங்கேயே திருப்பிக் கேட்டுத் தொலைக்கும். இப்படிச் செக்குமாடாய்ச் சுற்றினால் இரண்டும் படுத்துவிடும். அதனால்தான் கைமாறும்போது ஒவ்வொரு கம்பெனியும் தன் முத்திரையைக் குத்தி அனுப்புவதும், தன் முத்திரையையே கண்டால் விரட்டிவிடுவதும். இயந்திரத்தை நம்பினவன் கெட்டான் என்பது அதைக் கண்டுபிடித்த புண்ணியவானுக்குத் தெரிந்திருக்கிறது.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. விசிறிகளின் இரைச்சலுக்கு அடியில் எங்கோ தண்ணீர் சுழித்து ஓடும் சத்தம். ஏசிக் குளிரோடு கலந்து வந்த சேற்று வாடை.

பக்கத்துக் கம்பெனிப் பெண் போனில் கூப்பிட்டாள். "அண்ணே, ஒண்ணு சுத்திக்கிட்டே கிடக்கு. வெட்டி விடுங்க. எங்களுக்கு மூச்சு முட்டுது."

"முத்திரையத் துடைச்சு அனுப்புறது உங்க ஆளுங்க. பழி எங்க தலையிலயா?"

"சத்தியமா நாங்க துடைக்கலண்ணே. வழியிலயே அழிஞ்சு வருது."

அவர் நம்பவில்லை. பிரித்துப் பார்த்தார். கேட்டது வரைபடம். வீட்டுக்கு வழி. அவர் வீட்டுக்கு. கேட்ட போன், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஆற்றோடு போன மகளுடையது. போனும் கிடைக்கவில்லை, அவளும் கிடைக்கவில்லை.

கொடுப்பதற்கு வழி இரண்டு கம்பெனியிலும் இல்லை. விட்டால், பிள்ளை சுற்றிக்கொண்டே இருக்கும். வெட்டினால், 'வராதே' என்று பெற்றவனே சொன்னதாகும்.

வீட்டிலிருந்து மனைவி போனில் கூப்பிட்டாள். "ஏங்க, வாசல்வரைக்கும் யாரோ வந்து வந்து போறாங்க. நம்ம பிள்ள நடை மாதிரியே இருக்கு. திறக்கட்டுமா?"

"திறக்காத! செத்தவங்க வருவாங்களாடி?"

"வந்தா என்னங்க? நம்ம பிள்ளதானே?"

அவள் குரலில் பயம் இல்லை. அவர் விரலில் இருந்தது.

அழுத்தினார்.

கோரிக்கை அறுந்தது. திரை அடங்கியது.

"நின்னுருச்சுங்க," என்றாள் மனைவி. மூச்சுவிட்டாள். "அழுவுது... அழுதுக்கிட்டே திரும்பிப் போகுதுங்க."

போனில் தாழ்ப்பாள் விலகும் சத்தம்.

பிறகு ஒன்றுமில்லை.

ஓடினார். தெரு. வீடு. திறந்த கதவு.

ஈரச் சுவடுகள் படிவரை வந்து, அங்கேயே திரும்பி, ஆற்றுப் பக்கம் இறங்கின. சின்னப் பாதங்கள். கைகோத்து நடக்கிற நெருக்கத்தில், பக்கத்திலேயே, மனைவியின் பாதங்கள்.

அவையும் படியிலிருந்தே ஈரம்.