சவர்க்காரம் அடைத்த மிசின்

இளையதம்பிக்கு இரண்டு தோளும் நொந்தன. கழுத்தடியில் தொடங்கி அக்குளுக்குள் இறங்குகிற, இரண்டு விரல் அகல நோ. நெல்மூட்டை தூக்கின நோ பிடரியில் நிற்கும். மண்வெட்டி நோ இடுப்பில். காடு வெட்டி, வேர் கிளப்பி, வரம்பு கட்டிச் சேர்த்த நோவெல்லாம் உடம்பில் எங்கெங்கே குடியிருக்கிறது என்று அவன் கண்ணை மூடிக்கொண்டே சொல்லுவான். இது புது இடம். பூச்சிமருந்து அடிக்கிற மிசினை முதுகில் போடுகிறவனுக்கு வார் அழுத்துகிற இடம்.

அவன் அந்த மிசினை ஒரு நாளும் முதுகில் போட்டதில்லை.

"எண்ணெய் போட்டு உருவி விடட்டே?" குசினி வாசலில் நின்று மனைவி கமலாசனி கேட்டாள். "தோள் ரண்டும் கண்டிக் கறுத்துப்போய்க் கிடக்கு."

"கடகம் சுமந்தது."

"கடகத்தைத் தலையிலையெல்லோ சுமக்கிறது?"

அவன் சால்வைத் துண்டைத் தோளில் இழுத்துப் போட்டான். அவளும் விட்டுவிட்டாள். பின்னேரம் மூன்று மணி வெயில் முற்றத்தில் வெள்ளையாய்க் கிடந்தது. பத்து நாளாய் வயலில் தவளை கத்தவில்லை. அதைப் பற்றியும் இரண்டு பேரும் கதைப்பதில்லை.

பரந்தனுக்கு மேற்கே அந்தக் குடியேற்றத்துக்கு மிசின் போன போகந்தான் வந்தது. மருந்து ஊற்றப் பித்தளைத் தாங்கி, இடக்கையால் அடிக்க ஒரு பிடி, வலக்கையில் ஒரு குழாய். கூட்டுறவுச் சங்கத்து மனேச்சர் சின்னராசா அதைக் கதிரையில் ஏற்றிவைத்து, கலியாண மாப்பிள்ளையைக் காட்டுவதுபோலக் காட்டினார்.

"வானத்துக்கு மனிசனை அனுப்பிறாங்கள். நீங்கள் இன்னும் புழுவுக்குக் கயிறு இழுத்துக்கொண்டு நிக்கிறியள். இருபது பேற்றை வேலையை இனி ஒராள் செய்வான்."

"அப்ப மற்றப் பத்தொன்பது பேரும் எங்கை போறது, மனேச்சர்? வானத்துக்கோ?" பக்கத்து வயல்காரன் யோகலிங்கம் பின்னால் நின்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். இளையதம்பிதான் எல்லாரிலும் கூடச் சிரித்தான்.

முன்பெல்லாம் மண்ணெண்ணெயில் தோய்த்த கயிற்றை இரண்டு கரையிலும் பிடித்துப் பயிருக்கு மேலால் இழுப்பார்கள். இருபது பேர், வெற்றிலை, பெண்கள் காதில் விழக்கூடாத கதைகள். ஒருத்தன் விழுந்தால் பத்தொன்பது பேர் தூக்குவார்கள். மிசின் வந்த பிறகு வயலில் ஒராள். விழுந்தால் நெல்லுக்குத்தான் தெரியும்.

கைமாற்று மட்டும் மாறவில்லை. உன் வயலில் நான் ஒரு நாள், என் வயலில் நீ ஒரு நாள். காசு இல்லை, எழுத்து இல்லை. இந்தப் போகத்தில் யோகலிங்கம் முதலில் இளையதம்பியின் வயலுக்கு வந்தான். மிசினைத் தூக்கிப் பார்த்தபோது தாங்கியின் அடிப்பொருத்தில் கசிவு. கொழும்புக்கு அனுப்பித்தான் ஒட்டவேணும் என்று சின்னராசா சொல்லிவிட்டார். இளையதம்பி கிணற்றடியில் கிடந்த, உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரத் துண்டை எடுத்துக் கொடுத்தான்; யோகலிங்கம் பெருவிரலால் அமத்தி அடைத்தான். வாளிக்கு ஒரு மூடி மருந்து என்று சங்கத்தில் வாசித்துக் காட்டியிருந்தார்கள்.

"ரண்டாய் ஊத்து மச்சான். ஒண்டும் தப்பப்படாது," என்றான் இளையதம்பி.

யோகலிங்கம் ஊற்றினான். மாட்டுக்குப் புண்ணாக்குக் கரைக்கிறமாதிரி, முழங்கைமட்டும் கையை விட்டுக் கலக்கினான்.

பத்து மணிபோல வரம்புக்கு வந்தான். சவர்க்காரம் கரைந்து போயிருந்தது. வெறும் முதுகு, சாரக்கட்டு, தொடை எல்லாம் நனைந்து மினுங்கின.

"குளிருது மச்சான். இந்த வெயிலுக்குச் சுகமாய்க் கிடக்கு."

கழற்றிவை என்று சொல்லியிருக்கலாம். "அப்ப ஏன் நிக்கிறாய்? மிச்சத்தையும் அடி," என்றுதான் இளையதம்பி சொன்னான்.

பின்னேரம் யோகலிங்கம் வரம்போரம் முகங்குப்புறக் கிடந்தான். வாயில் நுரை, கண்மணி கடுகளவு. வண்டிலில் ஏற்றி ஆசுபத்திரி போய்ச் சேரமுன் முடிந்துவிட்டது. குளிப்பாட்டும்போது இரண்டு தோளிலும் வார்த்தழும்பு கறுத்திருந்தது. மாரடைப்பு என்றார் சின்னராசா. மிசினைக் கழுவி உள்ளே வைத்துப் பூட்டினார்.

எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவு, முடிந்த மறுநாள் யோகலிங்கத்தின் பெண்சாதி நேசமலர் வந்தாள். செத்த வீட்டுத் துடக்கு என்பதால் படலைக்கு வெளியே நின்றாள். இன்றைக்குக் காலையும் வந்தாள்.

"அண்ணை, எங்கட வயல்லை புழு ஏறீட்டுது."

"நாளைக்கு வாறன், தங்கச்சி."

"நேற்றும் நாளைக்கெண்டுதான் சொன்னனீங்கள்." அவள் அழவில்லை. "மூண்டு பிள்ளையளுக்கும் அந்த நெல்லுத்தான். அவர் உங்களுக்கு ஒரு நாள் அடிச்சவர். எங்களுக்கு ஒரு நாள் நிக்குது."

"மிசின் வேணுமெல்லோ?"

"சங்கத்துக்குப் போனனான். பூட்டுப் பூட்டினபடி கிடக்காம். மிசினைக் காணேல்லையாம். நீங்கள்தான் எடுத்ததெண்டு மனேச்சர் நினைச்சுக்கொண்டிருக்கிறார்."

அவள் போனதிலிருந்து அந்த நோ கூடிக்கொண்டு வந்தது. இப்போது, முற்றத்து வெயிலைப் பார்த்துக்கொண்டு இருந்தவனுக்கு, வயல் பக்கமாய் ஒரு சத்தம் கேட்டது. டக். ஒரு மூச்சு விடுகிற நேரம். டக். அதற்குப் பின்னால் நீளமாய், மெல்லிசாய், ஈரச் சீலையைக் கிழிக்கிறமாதிரி ஒரு இரைச்சல்.

"ஆர் மருந்தடிக்கிறது?"

கமலாசனி அடுப்பைவிட்டு வந்து காது கொடுத்தாள். "ஒரு சத்தமும் இல்லையே. காகங்கூடக் கத்தேல்லை. அதுதானப்பா பயமாய்க் கிடக்கு."

அவன் எழும்பி நடந்தான்.

அவனுடைய பயிர் அந்த வாய்க்கால் கரை முழுக்க எங்கும் இல்லாத பச்சையாய் நின்றது. ஒரு இலையில் ஓட்டை இல்லை. தும்பி இல்லை, கொக்கு இல்லை, சிலந்தி நூல்கூட இல்லை. வரம்புப் பொந்துகளில் நண்டுகள் வயிறு காட்டிக் கிடந்தன, எறும்பு மொய்க்கவில்லை. காற்று நின்றிருந்தது. வெள்ளைப்பூண்டு அழுகினமாதிரியும் மண்ணெண்ணெய்மாதிரியும் அந்த மணம் முதலில் மூக்கில் பட்டது, பிறகு நாக்கில், பிறகு பல்லடியில் கசந்து நின்றது. அவன் சால்வைத் துண்டால் வாயைப் பொத்தினான். துண்டிலும் அதே மணம்.

டக்.

வயலின் நடுவில் ஒரு நிரை நெல் தலை சாய்ந்தது. நனைந்து, மினுங்கி, சாய்ந்தது. ஆள் இல்லை. அந்த ஈரம் நடக்கிற வேகத்தில் முன்னுக்கு நகர்ந்தது. தலைமாட்டு வரம்பில் திரும்பியது. அடுத்த நிரை.

டக். அடுத்தது. இன்னும் கிட்ட.

நின்றது.

அவன் காலடியில், யோகலிங்கம் கிடந்த இடத்தில், மிசின் இருந்தது. தாங்கி கழுத்துமட்டும் நிறைந்து. பொருத்தில் புதுச் சவர்க்காரம். அதில் ஒரு பெருவிரல் ரேகை, ஈரமாய்.

இரண்டு வயலுக்கும் இடையில் ஒரே வரம்பு. அந்தப் பக்கம் யோகலிங்கத்தின் பயிர், மஞ்சளடித்து, குருத்து வெளிறி. அதற்குள் பூச்சிகள் இரைந்தன. உயிருள்ள சத்தம்.

"சரி மச்சான்," என்றான் இளையதம்பி. "அடிக்கிறன். உன்ர ஒரு நாளையும் உனக்கு அடிச்சு முடிக்கிறன். என்னை விடு."

வாரைத் தோளில் போட்டான். நொந்த இடத்தில் சரியாய்ப் போய் இருந்தது. அந்தப் பக்க வயலில் இறங்கினான். பிடியை அடித்தான். குழாய் இரைந்தது. ஒரு நிரை. வியர்வை கண்ணுக்குள் ஓடியது. முடிந்தது.

பின்னால் டக் என்றது.

திரும்பிப் பார்த்தான். அவனுடைய வயலில் ஒரு நிரை சாய்ந்திருந்தது.

இவன் இன்னொரு நிரை அடித்தான். அங்கே இன்னொரு நிரை. கெதியாய் அடித்தான். அங்கேயும் கெதியாய். இவன் நின்றான். அது நின்றது. எட்டி வைத்து இரண்டு நிரை அடித்தான். அங்கே இரண்டு. இவன் கொடுக்கக் கொடுக்க அவன் கொடுத்தான். ஒன்றுக்கு ஒன்று. கைமாற்று.

தூரத்து வரம்பில் நேசமலர் நின்றாள். அவன் வயலில் இறங்கினதைக் கண்டு, வேலைக்காரனுக்குச் சோறு கொண்டு வந்திருந்தாள். தலையில் பெட்டி.

"அண்ணை," அவள் கூப்பிட்டாள். "உங்களுக்குப் பின்னாலை ஆர் அது?"

அவன் தாங்கியைத் தட்டிப் பார்த்தான். கழுத்துமட்டும் நிறைந்திருந்தது. சவர்க்காரம் கரையத் தொடங்கியது. முதுகு நனைந்தது. இடுப்பு. தொடை.

குளிர்ந்தது. வெயிலுக்குச் சுகமாய்க் கிடந்தது.

டக்.

எத்தனை நிரை அடித்தாலும், இன்னும் ஒரு நாள் வேலை யோகலிங்கத்துக்குக் கடன்.