சஹர் உள்ளே வந்தால்

ஆம்பூரில் ஜியாவுதீன் பாய் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பகல் மூன்று மணி. விளக்கு, ஏசி, கதவுப் பூட்டு எல்லாவற்றையும் போனிலேயே இயக்கும்படி அமைத்துக் கொடுப்பது என் தொழில். வேலூரில் சின்னதாக ஒரு கடை. வீட்டில் இருக்கிற ஏற்பாட்டைக் கழற்றிவிட்டு ஒரு கம்பெனி சிஸ்டம் மாட்டச் சொல்லி பாயின் மனைவி சஹர் கூப்பிட்டிருந்தார். அவர்களுக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம்.

இருந்த ஏற்பாடு, பாயின் முதல் மனைவி லுப்னா தன் கையால் செய்தது. தோல் பதனிடும் டேனரிகளின் வாடை காற்றில் ஏறினால் ஜன்னல்கள் தானாக மூடிக்கொள்ளும். பாயின் கார் தெருமுனைக்கு வந்தால் வாசல் விளக்கு எரியும். அலமாரிக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு கம்ப்யூட்டர், அதில் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். லுப்னா இறந்து இரண்டு வருஷமாகியும் எல்லாம் பிசகாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"இதுவே நல்லாதான் இருக்கு மேடம்," என்றேன். "நெட் இல்லேன்னாலும் ஓடும். இன்னா எழுதியிருக்குன்னு திறந்து படிக்கலாம். கம்பெனி சிஸ்டம்னா அழகா இருக்கும், ரிப்பேர்னா ஆள் வருவாங்க. ஆனா உள்ள இன்னா நடக்குதுன்னு நமக்குக் காட்ட மாட்டாங்க."

"படிக்கலாமா? அப்ப படிங்க. இவருக்கு இன்னா இன்னா செஞ்சு வெச்சிருக்கான்னு நானும் கேக்கறேன்."

சோபாவில் பாய் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். நான் லேப்டாப்பை இணைத்து, இது நடந்தால் இதைச் செய் என்று லுப்னா எழுதிய விதிகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். அவர் தொழுது முடித்தால் ஃபேன் மெதுவாக. அவருக்குத் தலைவலி என்றால் ஹால் விளக்கு பாதி.

சஹர் குறுக்கிட்டார். "நான் டீ போட்டுக் குடுத்தாகூட லுப்னா டீதான் ஞாபகம் வரும் இவருக்கு. செத்தவகூட எப்படிங்க போட்டி போடறது?"

கடைசி வரியை வாய்விட்டுப் படிக்காமல் திரையை அவர்கள் இருவர் பக்கமும் திருப்பினேன்.

'சஹர் உள்ளே வந்தால்: விளக்கை அணை.'

எழுதிய தேதி, போன வெள்ளிக்கிழமை.

"பாய், பாஸ்வேர்ட் வேற யார்கிட்ட இருக்கு?"

"லுப்னாகிட்ட மட்டும்தான் இருந்துச்சு. அவ நோட்டுல இருந்துதான் இன்னைக்கு உங்களுக்கே எடுத்துக் குடுத்தேன்."

என் கைகள் மடியில் இருந்தன. திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

'சஹர் உள்ளே வந்தால்: கதவைப் பூட்டு.'

"கழட்டி எறிங்க அத," என்று சொல்லிவிட்டு சஹர் விருட்டென்று படுக்கையறைக்குள் போனார்.

கதவு சாத்திக்கொண்டது.

பூட்டு விழுந்தது.

உள்ளே ஜன்னல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடும் சத்தம். கதவிடுக்கு வழியாகப் பச்சைத்தோல் வாடை வந்தது. ஊறவைத்த தோல்களுக்கு நடுவே முகத்தை வைத்ததுபோல் இருந்தது. சஹர் இருமினார். கதவை இரண்டு கையாலும் அடித்தார். பிறகு ஒரு கையால் மட்டும்.

நான் அலமாரிக்கு ஓடி அந்தச் சின்னக் கம்ப்யூட்டரின் ஒயரைப் பிடுங்கினேன். பெட்டி செத்துப்போனது. கதவு திறக்கவில்லை.

பாய் கதவில் நெற்றியைச் சாய்த்தார். தினமும் பேசுகிறவரைப்போல, ரொம்பத் தணிவாக,

"லுப்னா. போதும்மா. விட்டுடு."

க்ளிக்.

வெளியே வந்த சஹருக்கு வேர்த்துக் கொட்டியது. மூச்சு வந்ததும் அவர் என்னைப் பார்க்கவில்லை. கணவரைத்தான் பார்த்தார்.

"நீங்க சொன்னா கேக்கறா. தினம் பேசுவீங்களா அவகிட்ட?"

பாய் பூட்டின் மேல் வைத்த கையை எடுக்காமல் அதையே தடவிக்கொண்டிருந்தார். பூட்டிய கதவைவிட அதுதான் சஹரை அதிகம் வதைத்தது என்று நினைக்கிறேன்.

அன்றைக்கே பூட்டு முதல் பல்பு வரை கம்பெனிப் பொருளாக மாற்றினேன். பழைய பெட்டியைச் சுத்தியலால் உடைக்கச் சொல்லி, சஹர் பக்கத்திலேயே நின்று பார்த்தார்.

மூன்று வாரம் கழித்து அவரே போன் செய்தார். கிசுகிசுப்பாகப் பேசினார்.

"அண்ணா, நான் ரூமுக்குப் போனா மறுபடி விளக்கு அணையுது. அவ இன்னா எழுதறான்னு படிக்கணும். எப்படித் திறக்கறது?"

"இதத் திறக்க முடியாதுங்க மேடம். கம்பெனிக்காரன் பூட்டி வெச்சது."

கம்பெனியிடம் கேட்டேன். எந்தப் பழுதும் இல்லை என்று பதில் வந்தது.

சஹர் இப்போது வாலாஜாபேட்டையில் அம்மா வீட்டில் இருக்கிறார். அது பழைய வீடு, எல்லாம் கையால் தட்டுகிற ஸ்விட்சுதான். அங்கே நான் ஒரு பல்புகூட மாட்டியதில்லை.

இன்று காலை என் போனில், நான் சிஸ்டம் மாட்டிய வீடுகளைக் காட்டும் கம்பெனி ஆப்பின் அறிவிப்பு வந்தது.

'புதிய வீடு சேர்க்கப்பட்டது: வாலாஜாபேட்டை. ஒரு விதி சேமிக்கப்பட்டது.'

என்ன விதி என்று பார்க்கத் தொட்டேன்.

காட்டவில்லை.