துண்டுக்கடியில் ஒரு பேரம்

மாட்டுத் தரகர் வீட்டுக்கு நான் போனது பட்டப்பகலில்தான். மழை பிடித்துக்கொண்டதால் முன்னறை மங்கிக் கிடந்தது. நனைந்த சாக்கு வாடை.

"கம்ப்யூட்டரை ஆன் பண்ணா கம்பெனி பேரு வருது தம்பி. அதோட நின்னுடுது," என்றார் தரகரின் மனைவி.

"வயசான பெட்டிங்கக்கா. நமக்கே காலையில எழுந்திரிக்க மனசு வர மாட்டேங்குது. அதுக்கு மட்டும் வருமா?"

அவர் சிரிக்கவில்லை. இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்ற மகளைக் காட்டினார். "அவர் தவறினப்போ இவ கைக்குழந்தை. இவளை அவர் கொஞ்சினதை இதுலதான் பதிஞ்சு வெச்சிருக்கார். அப்பா குரல் இவளுக்கு ஞாபகமே இல்ல. வேற எங்கயும் இல்ல தம்பி."

பெட்டியைத் திறந்தேன். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பதுதான் ரிப்பேர்காரர்களான எங்கள் வழக்கம். எதைக் கழற்றியதும் பெட்டி எழுந்துகொள்கிறதோ, குற்றவாளி அதுதான். பிரிண்டர் வயரைப் பிடுங்கினேன். சிடி டிரைவை எடுத்தேன். மெமரியை ரப்பரால் தேய்த்து மாட்டினேன். எத்தனை முறை போட்டாலும் அதே பெயர் வந்து, அப்படியே உறைந்து நின்றது.

கடைசியில் ஹார்ட் டிஸ்கை உருவி என் லேப்டாப்பில் மாட்டினேன்.

துடைத்துவிட்ட மாதிரி காலி.

இதை எப்படிச் சொல்வது என்று யோசிக்கும்போது பெட்டிக்குள் டிஸ்க் சுழலும் கரகரப்பு கேட்டது. டிஸ்க் என் லேப்டாப்பில் இருந்தது. கரண்ட் பிளக்கைப் பிடுங்கினேன்.

திரை அணையவில்லை.

மேலே ஓடு ஒழுகி, திறந்த பெட்டியில் ஒரு சொட்டு விழுந்தது. அக்கா அவசரமாகத் தரகரின் பழைய துண்டை அதன்மேல் விரித்தார். எந்தப் பாகம் சுடுகிறது என்று பார்க்க, துண்டுக்கடியில் கையை விட்டேன்.

ஒரு கை என் விரல்களைப் பிடித்தது.

நான் சந்தையில் வளர்ந்தவன். அடுத்தவன் கண்ணில் படாமல் துண்டுக்கடியில் விரலை அழுத்தி விலை பேசுவதைச் சின்ன வயதிலேயே பார்த்தவன். இது அந்தப் பிடி. அவசரமே இல்லாத, கைதேர்ந்த தரகரின் பிடி. சில்லென்று இருந்தது. ஏதோ கேட்கிறார், ஆனால் அது எனக்குத் தெரிந்த எந்த விலையும் இல்லை.

கையை உருவிக்கொண்டேன். "உள்ள கை வைக்காதீங்கக்கா."

அவர் என் முகத்தையே பார்த்தார். "விரலை இறுக்கி, விட்டு, மறுபடி இறுக்கி... அப்படியா?"

தலையாட்டினேன்.

"வீட்டுலயும் எங்கிட்ட அப்படித்தான் பேசுவார்," என்று கையை உள்ளே விட்டார்.

துண்டு மெல்ல உப்பியது. அக்காவின் கண்கள் மகள் பக்கம் போய்த் திரும்பின. முகம் வெளுத்தது.

"அவளைத் தர மாட்டேன்," என்றார் கிசுகிசுப்பாக. "வேற ஏதாவது கேளுங்க."

துண்டுக்கடியில் விரல்கள் மறுபடி நெளிந்தன.

அக்கா சம்மதமாக மெதுவாகத் தலையசைத்தார்.

திரையில் உறைந்திருந்த பெயர் நகர்ந்தது. பெட்டி முழுதாக எழுந்தது. "யாரு இது? அப்பாவோட பட்டு யாரு?" என்று ஓர் ஆண் குரல் கொஞ்சியது. சிறுமி வாயைப் பிளந்து கேட்டாள். சிரித்தாள். "அம்மா, அப்பா" என்று மேசையை நோக்கி ஓடினாள்.

அக்கா அவளைக் கூப்பிட வாயைத் திறந்தார்.

உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

வெளியே இருந்த கையால் தொண்டையைத் தடவிப் பார்த்தார். மற்ற கையை இழுத்தார். அது வரவில்லை. சிறுமி நின்ற பக்கம் துண்டின் ஓரம் மெல்ல உயர்ந்தது.

பெட்டிக்குள், கொஞ்சும் குரலுக்கு வெகு அருகில், அக்காவின் குரல் கேட்டது.

"தம்பி, பாப்பாவைத் துண்டுகிட்ட விடாதீங்க. இன்னும் பேரம் முடியலங்கறார்."