ஒத்திகைக்கு வந்த பன்றி

பெரியோர்களே, சிறியோர்களே, இரண்டு கால் உள்ளவர்களே, நான்கு கால் உள்ளவர்களே! மாபெரும் வனவிலங்குப் பாலம் கட்டி முடிக்கப்பட்டுவிட்டது. சிறப்பு விருந்தினர் தம் பொற்கரத்தால் ரிப்பன் வெட்டித் திறந்து வைக்கும்வரை, எந்த உயிரும் இதன்மேல் கால் வைக்கக் கூடாது. மீறினால் கடும் நடவடிக்கை!

இப்படி ஓர் அறிவிப்புப் பலகை நெடுஞ்சாலையோரம் நின்றது. எழுத்து ஒவ்வொன்றும் பூசணிக்காய் அளவு.

ஒரே ஒரு சங்கடம்தான். நான்கு கால் உள்ளவர்களில் ஒருவருக்கும் படிக்கத் தெரியாது.

பாலத்தைக் குறை சொல்லக் கூடாது. அழகான பாலம். கீழே லாரிகளும் பேருந்துகளும் பறக்கும். மேலே மண் கொட்டி, புல் விதைத்து, புதர் நட்டு, காட்டில் ஒரு துண்டை வெட்டிக் கொண்டுவந்து வைத்தது போல இருக்கும். அந்தப் பக்கம் காடு. இந்தப் பக்கம் ஓடையும் மக்காச்சோள வயலும். ஓடைக்குத் தண்ணீர் குடிக்க வரும் விலங்குகள் இனிமேல் சாலையில் இறங்கி உயிரைவிட வேண்டாம். மேலேயே நடந்து வரலாம், போகலாம்.

புல் முளைத்தது, வளர்ந்தது, பூவும் பூத்துவிட்டது. கதவு மட்டும் திறக்கவில்லை.

காரணம், சிறப்பு விருந்தினருக்கு நேரம் கிடைக்கவில்லை. முதலில் அவருக்குச் சளி. அப்புறம் வெளிநாட்டுப் பயணம். அப்புறம் வெளிநாட்டில் பிடித்த சளி.

பாலத்துக்குக் காவலாளி, பொடிசின் அம்மா. பொடிசு வகுப்பிலேயே குள்ளமானவள். அவளுக்கு வேறு நல்ல பெயர் ஒன்றும் உண்டு. ஆனால் அது ஆசிரியர் வருகை எடுக்கும்போது மட்டும்தான் வெளியே வரும். அம்மா வேகமாக நடப்பவர். அவரோடு எங்கே போனாலும் பொடிசு பின்னால் ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருப்பாள்.

பாலம் வந்து இறங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, பழைய சாலையோரம், அப்பாவின் பஞ்சர் கடை.

விழா நாளைக்கு என்று ஒருவழியாக முடிவானது. உடனே எல்லாருக்கும் சுறுசுறுப்பு வந்துவிட்டது. பாதியில் நின்றிருந்த கம்பி வேலியை, விடிந்தும் விடியாததுமாக, நெடுஞ்சாலையின் இரு பக்கமும் இழுத்துக் கட்டினார்கள். வேலி இருந்தால் விலங்குகள் சாலைக்குள் வராது, நேராகப் பாலத்துக்குப் போகும். நல்ல யோசனைதான். பாலம் பூட்டியிருக்கிறது என்பது மட்டும் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

அன்று மாலை பள்ளி விட்டு வந்த பொடிசு, கடையில் பையைக் கழற்றிப் போட்டாள். கடைக்கு முன்னால் அடுக்கி வைத்த பழைய லாரி டயர்களுக்குள்ளிருந்து ஒரு சத்தம்.

"ங்ங்... ங்கீ..."

"அப்பா, இந்த டயர் அழுவுது."

"பஞ்சரான டயர் அழாம சிரிக்குமா?" என்றார் அப்பா, டியூபைத் தண்ணீரில் முக்கியபடி.

பொடிசு எட்டிப் பார்த்தாள். இரண்டு கண்கள் அவளை எட்டிப் பார்த்தன. ஒரு மூக்கு. முதுகில் நீளநீளமாகக் கோடுகள், யாரோ சீப்பைப் பெயின்ட்டில் தொட்டு வாரிவிட்டது போல.

"அட! காட்டுப்பன்னிக் குட்டி!" அப்பா கையை நீட்டினார்.

"தொடாதீங்கப்பா. அவங்கம்மாவுக்குக் கோவம் வரும்."

"இத்துனூண்டு குட்டியோட அம்மாதானே?"

"என் அம்மாவும் இத்துனூண்டு குட்டியோட அம்மாதான்."

அப்பா கையை அவசரமாக எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இது எப்படிப்பா இங்க மாட்டுச்சு?"

"விடிகாலையில இதுங்க குடும்பமா வந்து சோளம் தின்னுட்டு, வண்டி வராத நேரமாப் பாத்து ரோட்டைத் தாண்டித் திரும்பிப் போவுங்க. இது மட்டும் டயருக்குள்ள தூங்கிருச்சு போல. அதுக்குள்ள வேலி கட்டிட்டாங்க."

பொடிசு வெளியே வந்து நெடுஞ்சாலையின் அந்தப் பக்கம் பார்த்தாள். வேலிக்குப் பின்னால் ஒரு பெரிய பன்றி. அதன் பின்னால் கோடுபோட்ட குட்டிகள். பன்றி வேலிக்கு அடியில் மூக்கால் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தது. ஒரு லாரி ஹாரன் அடித்தது. பன்றி துள்ளிப் பின்னால் போனது. மறுபடி வந்தது. மறுபடி தோண்டியது.

பள்ளம் பெரிதாகிக்கொண்டே இருந்தது. அதன் வழியாக அம்மாப் பன்றி வெளியே வந்தால், முதலில் சந்திக்கப்போவது குட்டியை அல்ல. லாரியை.

பொடிசு பாலத்து வாசலுக்கு ஓடினாள். மூச்சு வாங்க, எல்லாவற்றையும் அம்மாவிடம் கொட்டினாள்.

"கதவைத் தொறந்துவிடும்மா. மேல நடந்து வந்துடுவாங்க."

"சாவி எங்கிட்ட இருக்கு. உத்தரவு எங்கிட்ட இல்லயே."

"தொறம்மா!"

"தொறந்தா என் வேலை போயிடும்டி."

"தொறக்கலேன்னா பன்னியம்மா போயிடுவாங்க."

அம்மா தொப்பியைச் சரிசெய்தார். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

"அம்மா, நான் இந்தப் பக்கம் மாட்டிக்கிட்டேன்னு வெச்சுக்க. நீ என்ன செய்வே?"

"என்ன செய்வேனா? வேலிய என்ன, ரோட்டையே தோண்டுவேன்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அம்மாவுக்கு உறைத்தது. அவர் கை மெல்ல இடுப்புச் சாவிக்குப் போனது.

சரியாக அந்த நேரத்தில்தானா விழா அதிகாரியின் கார் வந்து நிற்க வேண்டும்!

விழா அதிகாரி என்றால், விழாக்கள் நடத்துவதற்கென்றே பிறந்தவர். வெள்ளைச் சட்டை, கையில் அளவு நாடா. வந்ததும் வராததுமாக வாசலில் கட்டியிருந்த சிவப்பு ரிப்பனை அளந்தார்.

"என்னம்மா இது, ஒரு விரல் தாழ்ந்திருக்கு! விருந்தினர் குனிஞ்சா வெட்டுவாரு? அவர் குனிஞ்சு யாராவது பாத்திருக்கீங்களா?"

"சார்!" என்று கூப்பிட்டுக்கொண்டே பொடிசு ரிப்பனுக்கு அடியில் நடந்து வந்தாள். குனியக்கூட வேண்டியிருக்கவில்லை.

"ஏய் ஏய்! ரிப்பனைத் தாண்டாதே!"

"தாண்டல சார். அடியில வந்தேன்."

அவள் குட்டியைச் சொன்னாள், அம்மாப் பன்றியைச் சொன்னாள், பள்ளத்தைச் சொன்னாள். அதிகாரி தலையாட்டிக் கேட்டார்.

"ரொம்பப் பரிதாபம். நாளைக்கு விழா முடியட்டும். அப்புறம் அந்தக் குடும்பம் தாராளமா வரட்டும், போகட்டும்."

"அதுக்குள்ள அவங்க ரோட்டுக்கு வந்துடுவாங்க சார்."

கீழே ஒரு பேருந்து அலறிக்கொண்டு போனது. அதிகாரி அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவர் முகம் கொஞ்சம் இறங்கியது. குரலும் இறங்கியது.

"நான் என்ன பாப்பா செய்யறது? விருந்தினருக்கு முன்னாடி பன்னி நடந்துட்டா, பன்னி தொறந்து வெச்ச பாலம்னு ஊரே சிரிக்கும். அப்புறம் எனக்கு ஒரு விழாகூடக் குடுக்க மாட்டாங்க."

பாவம், அவரும் பயந்துதான் போயிருந்தார்.

பொடிசு பின்னல் நுனியைக் கடித்துக்கொண்டு யோசித்தாள்.

"சார், நாளைக்கு விழாவுக்கு ஒத்திகை பாத்தாச்சா?"

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "பாக்காமலா? மைக்குக்கு ஒத்திகை. கைதட்டலுக்கு ஒத்திகை. நாற்காலில எல்லாம் ஒண்ணொண்ணா நானே உக்காந்து எழுந்து பாத்துட்டேன்."

"மிருகம் நடக்கிறதுக்கு?"

அதிகாரி அளவு நாடாவை நீட்டினார். சுருட்டினார்.

"மிருகத்துக்காகத்தானே பாலம் கட்டினீங்க? நாளைக்குப் புல்லு அதுங்களுக்குப் பிடிக்கலேன்னா? நடுவுல வழுக்குச்சுன்னா?"

அதிகாரி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"ஒத்திகையில யாரும் தொறந்து வைக்க மாட்டாங்க இல்ல சார்? ரிப்பனும் வெட்ட மாட்டாங்க. சும்மா நடந்து பாப்பாங்க, அவ்வளவுதான்."

"ஒத்திகை..." அந்தச் சொல்லை அதிகாரி மிட்டாய் போலச் சப்பிப் பார்த்தார். "ஒத்திகை! இதை நான் காலையிலேயே யோசிச்சு வெச்சிருந்தேன்!"

அம்மா வேறு பக்கம் திரும்பி இருமினார்.

அதிகாரி மைக்கைத் தேடினார். பொடிசு தடுத்தாள். "பேசக் கூடாது சார். பேசினா வர மாட்டாங்க."

"வரவேற்புரைகூடக் கிடையாதா?"

"கிடையாது சார்."

வண்ண விளக்குகளை அணைத்தார்கள். சிவப்புக் கம்பளத்தைச் சுருட்டி ஓரமாக வைத்தார்கள். ரிப்பனை அவிழ்த்து அதிகாரி தன் கையிலேயே சுற்றிக்கொண்டார். அப்பா, தடதடத்துக்கொண்டிருந்த கம்ப்ரசரை நிறுத்தினார். அம்மா பாலத்தின்மேல் நடந்து போய் அந்தப் பக்கக் கதவைத் திறந்துவைத்து, இந்தப் பக்கக் கதவையும் அகலத் திறந்துவிட்டு வந்தார். நான்கு பேரும் கடைக்குள் போய், ஷட்டரைப் பாதி இறக்கி, அதன் அடியில் எட்டிப் பார்த்தபடி படுத்துக்கொண்டார்கள். வெளியே டயருக்குள் இருந்த குட்டி விட்டு விட்டு அழுதுகொண்டிருந்தது.

வெயில் தணிந்து, புல் மஞ்சளாகத் தெரிந்தது.

"எப்ப வருவாங்க?" அதிகாரி கிசுகிசுத்தார். வெள்ளைச் சட்டை இப்போது கறுப்பு வெள்ளைச் சட்டையாகியிருந்தது.

"அவங்களுக்கு நேரம் கெடைக்கிறப்ப, சார்."

பாலத்தின் அந்தக் கோடியில் ஒரு புதர் அசைந்தது. ஒரு மூக்கு வெளியே வந்தது. புல்லை முகர்ந்தது. காற்றை முகர்ந்தது. பிறகு பன்றி முழுவதுமாக வந்தது. அதன் பின்னால் கோடு கோடாகக் குட்டிகள், ஒன்றன் பின் ஒன்றாக.

பாலத்தின் நடுவில் பன்றியம்மா நின்றுவிட்டாள். காலுக்குக் கீழே எங்கோ லாரிகள் உறுமின. பொடிசு மூச்சை அடக்கிக்கொண்டாள். திரும்பிப் போய்விடுவாளோ?

"ங்கீ!" என்றது டயர்.

பன்றியின் காதுகள் நிமிர்ந்தன. அடுத்த கணம் அவள் புல்லைக் கிழித்துக்கொண்டு ஓடி வந்தாள். குட்டி டயரிலிருந்து குதித்தது, கம்பளச் சுருளில் தடுக்கியது, உருண்டது, எழுந்தது, மறுபடி ஓடியது. வாசலில் இரண்டு மூக்குகளும் முட்டிக்கொண்டன.

"ர்ர்ம், ர்ர்ம், ர்ர்ம்" என்றாள் பன்றியம்மா.

பொடிசுக்கு அது நன்றாகப் புரிந்தது. அவள் தாமதமாக வீட்டுக்குப் போனால் அம்மாவும் இதே குரலில்தான் பேசுவார். திட்டா, கொஞ்சலா என்று கண்டுபிடிக்கவே முடியாது. குட்டி தாயின் வயிற்றுக்கு அடியில் புகுந்துகொண்டது.

"கண்ணுல தூசி" என்றார் அதிகாரி.

"எனக்கும்தான்" என்றார் அப்பா.

அதிகாரியின் செல்போன் அதிர்ந்தது. சிறப்பு விருந்தினரே அழைத்தார். அதிகாரி போனைப் பார்த்தார். குட்டியைப் பார்த்தார். போனை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பன்றியம்மாவுக்கு மனம் நிம்மதியானதும் முதுகு அரித்தது போலிருக்கிறது. வாசலோரம் விருந்தினரின் பெயர் பொறித்த கல்வெட்டு இருந்தது. அதை நாளைக்கு அவரே திறந்து வைப்பதற்காக நீலத் திரை போட்டு மூடியிருந்தார்கள். பன்றி அதன்மேல் சாய்ந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுகமாகத் தேய்த்துக்கொண்டது. திரை வழுக்கிக்கொண்டு கீழே விழுந்தது.

"ஐயோ, திரை!" அதிகாரி எழப் பார்த்தார்.

பொடிசு அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஒத்திகை சார்."

அதிகாரி மறுபடி படுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார், "நல்லாத்தான் பண்றாங்க."

அப்புறம் குடும்பம் பாலத்தின் வழியே காட்டுக்குத் திரும்பியது. வரும்போது முன்னால் வந்த பன்றியம்மா, இந்த முறை கடைசியில் நடந்தாள். அந்தச் சின்னக் குட்டி அவள் மூக்குக்கு நேர் முன்னால்.

பொடிசும் அம்மாவும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். வழக்கம்போல விடுவிடுவென்று இரண்டு எட்டு வைத்த அம்மா, சட்டென்று நின்றார்.

"நீ முன்னாடி நட" என்றார்.

மறுநாள் விழா மிகச் சிறப்பாக நடந்தது. விருந்தினர் குனியாமலே ரிப்பனை வெட்டினார். துவைத்துப் போட்டிருந்த திரையை விலக்கினார். கல்வெட்டுப் பக்கத்தில் நின்று மூக்கைச் சுளித்தார்.

"என்ன இது ஒரு வாசனை?"

"இயற்கை, ஐயா" என்றார் விழா அதிகாரி.

"ஆகா!" என்று விருந்தினர் மூச்சை நன்றாக உள்ளே இழுத்துக்கொண்டார். "இந்தப் பாலத்தில் முதல் அடியை நான்தான் எடுத்துவைக்கிறேன் என்பதில் பெருமைப்படுகிறேன்!" என்று முழங்கி, குளம்புத் தடங்களின் மேல் நடந்து போனார். ஒத்திகை பார்த்தபடியே கைதட்டினார்கள்.

அம்மாவின் வேலை போகவில்லை. இப்போது அவர் பாலத்தின்மேல் மனிதர்கள் ஏறாமல் பார்த்துக்கொள்கிறார்.

கல்வெட்டு அங்கேயேதான் இருக்கிறது. விருந்தினரின் பெயர், அத்தனை பட்டங்களோடு, தங்க எழுத்தில். பன்றியம்மா தினமும் அந்தி நேரத்தில் குட்டிகளோடு வந்து, அதில் முதுகைத் தேய்த்துக்கொண்டு போகிறாள். பட்டங்கள் எல்லாம் அழிந்துவிட்டன. பெயரும் பாதி போய்விட்டது.

அரிப்பு குறைந்திருக்கிறது.