சிரிப்புக்கு முன்னால் ஒரு மூச்சு

ஒரு பெண்ணின் சிரிப்பை வெட்டுக்கிளி தன் ஒரு மாத வீட்டு வாடகைப் பணத்துக்கு விற்றிருந்தான். விற்றவனுக்கும் லாபம், வாங்கிய சேனலுக்கும் லாபம். சரக்குக்குச் சொந்தக்காரியை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

படத்தை வெட்டி ஒட்டுவது பிழைப்பு என்பதால் எடிட்டருக்கு அந்தப் பட்டப்பெயர். அன்று மத்தியானம் எடிட்டிங் அறையைத் திறந்ததும் ஸ்பிரிட் வாடை அடித்தது. ஊசி குத்தும் முன் கையில் தடவுவார்களே, அந்த வாடை. ஜன்னல் இல்லாத அறை. கதவைச் சாத்தினால் பகலும் இருட்டுதான்.

சேனல் முதலாளி போனில் அவசரப்படுத்தினார். "நாலு மணிக்கு அந்த நர்ஸ் பேட்டியை மறுபடி போடறோம்பா. ஆளு செத்துட்டா இல்ல, இன்னும் நல்லா ஓடும். சிரிப்பை மட்டும் கொஞ்சம் நீட்டிவிடு."

அந்தச் சிரிப்பு வேறொன்றுமில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தை இறந்ததைப் பற்றி அந்த நர்ஸ் தந்த பேட்டி. அது தொடங்கும் முன், கேமராக்காரர் மைக் வயரில் கால் சிக்கித் தடுமாறியதைப் பார்த்துச் சிரித்தாள். வெட்டுக்கிளி அதைத் தூக்கி, 'குழந்தை செத்தப்போ நீங்க எங்கம்மா இருந்தீங்க?' என்ற கேள்விக்குப் பின்னால் வைத்தான். அவள் அழுதபடி சொன்ன பதில் குப்பைக்குப் போனது. சிரிக்கும் முன் அவள் இழுத்த மூச்சையும் நறுக்கினான். மூச்சு இருந்தால் மனுஷி, இல்லாவிட்டால் அரக்கி. தொழில் தெரிந்தவன்.

ஊரே காறித் துப்பியது. அவள் ஆஸ்பத்திரி மாடியிலிருந்து குதித்தாள்.

போனை வைத்துவிட்டு வெட்டுக்கிளி மவுஸைத் தொட்டான்.

ஸ்பீக்கரில் ஒரு மூச்சு. உள்ளே இழுத்தது, வெளியே விடவில்லை.

வயரைப் பிடுங்கினான்.

மறுபடி மூச்சு. இப்போது காதோரம்.

அவசரமாகப் பேட்டியைத் திறந்தான். அதே சுவர், அதே விளக்கு. நாற்காலி காலி.

போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, டிவியில உங்களைக் காட்டறாங்க!"

"என்னையா? நான் இன்னும் எதையுமே அனுப்பலையேடி!"

"அந்த நர்ஸ் நாற்காலியில நீங்க உக்காந்திருக்கீங்க. 'என்னைக் கொன்னது யாரு'ன்னு ஒரு பொம்பளைக் குரல் கேக்குது. 'நான்தான், அதுக்கென்ன இப்போ'ன்னு சிரிக்கிறீங்க."

வார்த்தை அவனுடையதுதான். காலையில் குளியல் துண்டை நனைத்தது யாரென்று மனைவி கேட்டபோது சொன்னது.

"அடியே, அது துண்டுக்குச் சொன்னதுடி! நீதானே கேட்டே!"

"எனக்குத் தெரியுதுங்க. பாப்பாவுக்கு யாரு சொல்றது? 'அப்பா ஏம்மா சிரிச்சாரு, ஏம்மா சிரிச்சாரு'ன்னு அழுதுட்டுக் கதவைச் சாத்திக்கிட்டா. மாடிவீட்டுக்காரரு படியில நின்னு கத்தறாரு. நீங்க வீட்டுக்கு வர—"

இணைப்பு அறுந்தது.

கதவுக்குப் பாய்ந்தான். கைப்பிடி சுற்றிக்கொண்டே இருந்தது, கதவு அசையவில்லை.

திரும்பினான்.

திரையில் நாற்காலி காலியாக இல்லை. வெள்ளைச் சீருடை. கைகளை மடியில் வைத்து, வேலை முடிந்தவள்போல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கீழே, வெட்டுக்கிளி எதுவும் செய்யாமலே, வெட்டுகள் ஒவ்வொன்றாக வரிசையில் வந்து ஒட்டின. அவன் முகம். அவன் சிரிப்பு. அதற்குப் பிறகு ஒரு காட்சித் துண்டு அளவுக்கு வெற்றிடம். படம் ஓடும் இடத்தைக் காட்டும் சிவப்புக் கோடு அதை நோக்கி ஊர்ந்தது.

காதோரம் இழுத்து வைத்திருந்த மூச்சு மெல்ல வெளியே வந்தது.

"சிரிப்புக்குச் சிரிப்பு சரியாப் போச்சுண்ணே. கெட்டுப்போன பேருக்குப் பேரும் நேர்."

கோடு வெற்றிடத்தைத் தொட்டது.

"உயிர் ஒண்ணுதான் பாக்கி நிக்குது."